சுவரில் இருந்த பச்சைப் பட்டை

சனிக்கிழமை பிற்பகல் நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தாரணியின் போன் அடித்தது. காக்ஸ் டவுன் வீட்டின் முன்னறையில் சாப்பாட்டு மேசையையே ஆபீஸ் மேசையாக்கி, லேப்டாப்பும் பக்கத்தில் ஒரு பெரிய திரையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அழைத்தது அப்பா. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரான்ஸின் வடமேற்குக் கரையில், ஒரு சின்னத் துறைமுகத்தை ஒட்டிய கோட்டைக்குள் நின்றுகொண்டு அழைத்தார். அந்தக் கோட்டையே அப்போது அவள் திரையிலும் இருந்தது.

"என்னப்பா, கடல் வாசல் பாத்துட்டியா? எப்படி இருக்கு என் கோட்டை?"

"நல்லாத்தான் இருக்கு." சுந்தரமூர்த்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் எதிரொலித்தது. "தாரணி, இங்க தண்ணி வருதும்மா."

"எங்க?"

"வந்த வழியில. நடுவுல ஒரு பள்ளம் இருந்துச்சே, கூரை தாழ்வா, குனிஞ்சு வந்தேனே, அது ரொம்பிடுச்சு. கூரையைத் தொட்டுடுச்சு. இப்ப நான் நிக்கிற எடத்துலயும் கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. வேற வழி எங்க இருக்குன்னு உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு."

தாரணிக்கு உடனே ஒன்றும் புரியவில்லை. அந்த வழியில் தண்ணீர் என்ற ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. பதினோரு மாதம் அந்தக் கோட்டைக்குள் தினமும் ஒன்பது மணி நேரம் நடந்திருக்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அவள் வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

ஒரு பழைய கட்டடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர, முக்காலியின் மேல் ஒரு லேசர் கருவியை நிறுத்துவார்கள். அது சுழன்றபடி எல்லாத் திசையிலும் ஒளியை வீசும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். ஒரு நிறுத்தத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள். இந்தக் கோட்டைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில், தொழில் பாஷையில் ஸ்டேஷன்களில், கருவியை நிறுத்தி அளந்திருந்தார்கள். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று பொருத்தினால் கோட்டை அப்படியே திரையில் எழுந்து நிற்கும்.

ஆனால் கருவிக்குச் சில குறைகள் உண்டு. தூணுக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. அங்கே கறுப்பாக ஓட்டை விழும். தண்ணீர் ஒளியை விழுங்கிவிடும், அங்கேயும் ஓட்டைதான். அளக்கும்போது யாராவது குறுக்கே நடந்தால் பேய்போல அந்தரத்தில் புள்ளிகள் தொங்கும். இவற்றையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்வதுதான் தாரணியின் வேலை. பிரான்ஸிலிருந்து வந்த விதிப்புத்தகத்தில் நாற்பது பக்கம். மனிதர்கள், பல்புகள், கயிறுகள், அறிவிப்புப் பலகைகள் எல்லாவற்றையும் நீக்கு. ஒரு மீட்டருக்குக் குறைவான ஓட்டைகளை அடை. அந்தரத்தில் தொங்கும் புள்ளிகளை அழி. சுவர்களின் நிறத்தைச் சமன் செய்.

அவள் எல்லாம் செய்தாள். நன்றாகவும் செய்தாள். திங்கட்கிழமை டெலிவரி. அதனால்தான் லீவு கிடைக்காமல், தன் கோட்டையைத் தான் பார்க்க முடியாமல், அங்கே படிக்கும் தம்பி அஷ்வினைப் பார்க்கப் போன அப்பாவிடம், "எனக்குப் பதிலா நீ போய்ப் பாத்துட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பா, அந்த வாசல் வழியா வெளிய போயிடு. கடல் வாசல்தான அது."

"வாசல்லேருந்துதானே தண்ணி வருது."

அப்போதுதான் அவளுக்கு அந்த முதல் அழைப்பு நினைவுக்கு வந்தது.

மூன்று மணிக்கு முன்னால் அப்பா ஒரு தடவை கூப்பிட்டிருந்தார். கீழ் முற்றத்தில், கடல் வாசலை ஒட்டிய படகு அறைக்குச் சுரங்கம்போல் இறங்கும் வழியின் வாயில் நிற்பதாகச் சொன்னார். "குறுக்க சங்கிலி போட்டிருக்கும்மா. பக்கத்துல போர்டு. ஏதோ டைமிங் போட்டிருக்கு, பிரெஞ்சுல."

"விசிட்டிங் டைமா இருக்கும்பா. சங்கிலிய விடு. நம்ம ஊர்ல கட்டாத கயிறா? தரை கூட்டுறவங்களுக்கு வேலை கம்மியாகட்டும்னு கட்டியிருப்பாங்க. தாண்டிப் போ. அங்கதான் நான் நாலு மாசம் கெடந்தேன், நீ பாக்கலன்னா எப்படி?"

அந்தச் சங்கிலி அவளுக்குப் பழக்கமானது. அளவெடுத்த நாளில் அது ஒரு பக்கக் கொக்கியில் சுருண்டு தொங்கியது. பலகையையும் சங்கிலியையும் அவளே அழித்திருந்தாள். பக்கம் பதினெட்டு, விதி நான்கு.

"பா, அஷ்வின் எங்க?"

"மேல காபி கடை க்யூவில நிக்கிறான். நான் ம்யூசியத்துல இருக்கேன்னு நெனச்சுட்டிருப்பான்."

"நீ அங்கயே இரு. போனை வைக்காத. போனை நனைய விடாத."

"நான் வேற எங்க போவேன்?" என்றார் சுந்தரமூர்த்தி.

சமையலறையிலிருந்து மரகதம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாரணி அப்பாவை ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவின் போனில் அஷ்வினை அழைத்தாள்.

"டேய், அப்பா கீழ கடல் வாசல் படகு அறையில மாட்டிக்கிட்டாரு. தண்ணி ஏறுது. டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடு. ஃபயர் சர்வீஸ், கோஸ்ட் கார்ட், யாரயாவது கூப்பிடச் சொல்லு. ஓடுடா."

"அக்கா, வெளையாடுறியா?"

"ஓடுடா!"

பிறகு அவள் கூகுளில் தேடியது, முதல் நாளே தேடியிருக்க வேண்டியது. அந்தத் துறைமுகத்தின் கடல் ஏற்ற இறக்கம். அட்டவணை வந்தது. அங்கத்து நேரப்படி காலை ஒன்பதரைக்கு முழு இறக்கம். பிற்பகல் மூன்று நாற்பதுக்கு உச்ச ஏற்றம். இந்திய நேரப்படி ஏழு பத்து. வித்தியாசம் ஐந்து மீட்டர்.

ஐந்து மீட்டர் என்றால் ஒன்றரை மாடி. அவளுக்கு அது எண்ணாகவே நின்றது, தண்ணீராக மாறவில்லை. வீட்டுப் பக்கத்து அல்சூர் ஏரி மழைக்கு மட்டுமே ஏறும். மெரினாவில் இரண்டு தடவை கடலைப் பார்த்திருக்கிறாள். மணலில் முன்னால் வரும், பின்னால் போகும். கடல் ஒரு கிணறுபோல, ஒரு தொட்டிபோல, நாளுக்கு இரண்டு தடவை மேலேறிக் கீழிறங்கும் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிலாவோடு போட்ட ஒரு படம், அவ்வளவுதான்.

அதுவும் ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேரத்தில் முதல் மணி நேரம் கடல் அசைவதே தெரியாது. இரண்டாவதில் கொஞ்சம். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் பாதி உயரத்தை ஒரேயடியாக ஏறிவிடும். சுந்தரமூர்த்தி உள்ளே போனது இரண்டாவது மணி நேரத்தில். மெஷின் டூல் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கல்லில் உளி விழுந்த தடத்தைத் தடவிப் பார்த்து, கல்லுக்குக் கல் இடைவெளியை விரலால் அளந்து, ஒரு மணி நேரத்தை அங்கேயே செலவழித்திருந்தார். இப்போது நடந்துகொண்டிருப்பது மூன்றாவது மணி நேரம். ஐந்து மீட்டரை இந்தக் கணக்கில் பிரித்தால் நிமிடத்துக்கு ஒரு விரல் கனம்.

கணுக்காலிலிருந்து இடுப்புக்கு நாற்பது நிமிடம். கழுத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. இடது முட்டி மடங்காது.

"அக்கா," அம்மாவின் போனில் அஷ்வின் மூச்சிரைத்தான். "சொல்லியாச்சு. கவுன்ட்டர்ல இருக்குற அம்மா கத்துறாங்க, சங்கிலிய யாரு தாண்டச் சொன்னதுன்னு."

"படகு வருதா, அதச் சொல்லு," என்றாள் தாரணி.

"படகு வர இருபது நிமிஷமாம். ஆனா வாசல்ல பழைய இரும்புக் கதவு பாதியில துருப்பிடிச்சு நிக்குது, அதுக்குக் கீழ படகு நுழையாது. டைவர் வரணும். அவங்க பக்கத்து சிட்டியிலேருந்து வரணும், ஒண்ணே கால் மணி நேரம். அதுவரைக்கும் தண்ணிக்கு மேல நிக்க எடம் இருக்கான்னு கேக்குறாங்க. ப்ளான விரிச்சுப் பாத்தோம். சுத்தி வெறும் சுவர்தான்க்கா."

"அந்த ப்ளான் நான் போட்டதுடா," என்றாள் தாரணி.

அவளுடைய மாடலிலிருந்துதான் அந்தத் தாளை அச்சடித்திருந்தார்கள். அவள் எங்கே சுவர் என்றாளோ அங்கே சுவர். திரையில் படகு அறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேன் நிறத்தில், ஒரு கறை இல்லாமல், வழவழவென்று நான்கு சுவர்கள். இந்தச் சுவர்களுக்காகத்தான் க்ளையன்ட்டிடமிருந்து பாராட்டு மெயில் வந்தது.

நிறம்.

ஃபோட்டோக்கள் வந்தபோது இந்தச் சுவர்கள் இப்படி இல்லை. தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குக் கரும்பச்சை; அதற்கு மேல் தேன் நிறம். நடுவில், நூல் பிடித்ததுபோல் நேர்க்கோடு. இரண்டு ஃபோட்டோக்களை ஒட்டும் இடத்தில் வெளிச்சம் மாறினால் இப்படித்தான் கோடு விழும். ஒட்டுப் பிசகு என்று நினைத்து இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பச்சையை முழுக்க எடுத்துவிட்டாள். கடற்கரை ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையிடம் காட்டியிருந்தாலும் சிரித்திருக்கும். அவ்வளவு மட்டமாக ஒரு சுவரில் கோடு போட இந்த உலகத்தில் தண்ணீரால் மட்டும்தான் முடியும்.

கடல் எதுவரை ஏறும் என்று அறுநூறு வருஷமாக அந்தச் சுவரில் எழுதியிருந்தது. அவள் அதை அழித்திருந்தாள்.

"பா, சுவர் என்ன கலர்ல இருக்கு?"

"பச்சையா, பாசியா இருக்கு. மேல வெளுப்பு."

"வெளுப்பு எங்க ஆரம்பிக்குது?"

"கை தூக்குனாலும் எட்டாது. அதுக்கும் மேல இன்னொரு ஆள் நிக்கணும்." பிறகு கேட்டார்: "அதுவரைக்கும் ஏறுமா?"

"இன்னிக்கு அவ்வளவு ஏறாது," என்றாள். அது உண்மைதான். இன்றைய உச்சம் அதற்கு ஒரு கஜம் கீழே. ஆனால் மூழ்குவதற்கு அவ்வளவு வேண்டாம்.

"முட்டி வரைக்கும் வந்துடுச்சும்மா," என்றார்.

மரகதம் குனிந்து போனருகே வாயை வைத்தாள். "என்னங்க. அந்த ஷூவ கழட்டுங்க. பாசியில வழுக்கும்."

"புது ஷூ மரகதம். உன் பொண்ணு வாங்கிக் குடுத்தது."

"போய்த் தொலையட்டும். கழட்டுங்கன்னா."

தண்ணீரில் சலசலப்பு கேட்டது. கழற்றினார் போலிருக்கிறது.

சுத்தம் செய்வதற்கு முந்தைய மூல அளவுகள் வீட்டில் இல்லை. லேப்டாப் தாங்காத கனம் அது. ஆபீஸ் சர்வரில் இருந்தது. ஆபீஸில் ஷ்ரேயாஸ் இருப்பான். அவளோடு அதே வேலை பார்ப்பவன், கன்னடம் கலந்த தமிழ் பேசுபவன், டெலிவரிக்காக இன்றும் போயிருந்தான். லேப்டாப்பிலிருந்து அவனை அழைத்தாள்.

"ஹேளு தாரணி."

"ஷ்ரேயாஸ், கடல் வாசல் படகு அறை. ரா டேட்டா தெற. கை வெக்காதது. ஸ்டேஷன் நூத்தி நாப்பதுலேருந்து நூத்தி நாப்பத்தாறு."

"யாக்கே? அது வேலை முடிஞ்சு க்ளோஸ் ஆயித்தல்லா?"

"எங்கப்பா அதுக்குள்ள இருக்காரு. தண்ணி ஏறுது. இப்ப, இந்த நிமிஷம்."

"ஒந்து நிமிஷ," என்றான். பிறகு கீபோர்டு சத்தம் மட்டும் வந்தது.

அவன் தேடுவதற்குள் தாரணி யோசிக்க வேண்டியிருந்தது. எதைத் தேடச் சொல்வது? அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முற்றுகையின்போது கோட்டைக்கு அரிசி பருப்பு வேண்டும். அவர்களுக்குக் கோதுமையும் உப்புக்கண்டமும். நிலத்துப் பக்கம் எதிரி நிற்பான். அதனால் படகில் வரும். கடல் இறங்கியிருக்கும்போது வாசலுக்கு முன்னால் வெறும் சேறும் பாறையும். ஏறும்போது படகு மிதந்து நேராக அறைக்குள்ளேயே வந்துவிடும். சரக்கை இறக்கிவிட்டு, கடல் இறங்குவதற்குள் போய்விடும். அந்தத் தாழ்ந்த பள்ளமும் காரணமில்லாமல் வெட்டியது இல்லை. எதிரி எப்படியாவது படகில் நுழைந்துவிட்டால் கோட்டைக்குள் ஏற முடியாது. முன்னால் பள்ளம் நிரம்பிக் கூரையைத் தொட்டிருக்கும், பின்னால் கடல். உள்ளே வந்தவனைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அறுநூறு வருஷத்துக்குப் பிறகும் கோட்டை தன் வேலையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பவர் ஜீவனஹள்ளியில் பிறந்த ஓர் ஓய்வுபெற்ற ஃபிட்டர் என்பது அதற்குத் தெரியாது.

"பா, வாசல் ரெண்டு பக்கமும் கல்லுல காடி வெட்டியிருக்கா?"

"இருக்கு. நாலு விரல் அகலம். மேலேருந்து எறங்குற கதவு. பாதியில நிக்குது."

படகு வருவது தண்ணீர் நிரம்பியிருக்கும்போது மட்டும். அப்படியானால் கதவைத் தூக்க வேண்டியதும் அப்போது மட்டும்தான். தூக்குகிறவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று சங்கிலி சுற்ற மாட்டான். படகை அவன் கண்ணால் பார்த்தாக வேண்டும். எனவே பச்சைக்கு மேலே அவனுக்கு உலர்ந்த ஓர் இடம் இருந்தாக வேண்டும். சரக்கிறக்க அவன் இறங்கிவர ஒரு வழியும் இருந்தாக வேண்டும்.

"கதவத் தூக்குறவன் நின்ன எடம் ஒண்ணு இருக்கணும்பா. வாசலுக்குப் பக்கத்துலயே. சுவர்ல சந்து மாதிரி எதாவது தெரியுதா?"

"இருட்டும்மா. செல்லு வெளிச்சத்துல எவ்வளவு தெரியும்? தொடை வரைக்கும் வந்துடுச்சு. குளிரு தாங்கல."

"தாரணி," ஷ்ரேயாஸின் குரல். "நோடு, எடப்பக்கம் வாசல் பக்கத்துல ஒரு தடிச்ச தூண் இருக்கே, சுவரோட ஒட்டுன மாதிரி. அதுக்குப் பின்னாடி கறுப்பு. ஓட்டை. அறுபது சென்டிமீட்டர். ஆறு ஸ்டேஷன்லயும் கறுப்புதான், எந்தக் கருவியும் அந்தப் பக்கம் நிக்கல."

அறுபது. ஒரு மீட்டருக்குக் குறைவு. அடை என்று விதி சொன்னது, அடைத்தாள்.

"வெறும் நிழலா இருக்கலாம்," என்றாள். "தூணுக்குப் பின்னாடி சுவரே இருந்தாலும் கறுப்பாத்தான் தெரியும். ஏழாவது ஸ்டேஷன் பாரு. நூத்தி நாப்பத்தாறு. அது தள்ளி, பள்ளத்து வாய்ல நின்னுச்சு."

"அதுல... ஒரு நாப்பது அம்பது புள்ளி அந்தரத்துல தொங்குது. குப்பை."

"குப்பை இல்ல. பக்கவாட்டுல திருப்பிப் பாரு."

அந்தப் புள்ளிகளை அவள் அழித்தது நினைவுக்கு வந்தது. ஒரே க்ளிக். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

"தாரணி." ஷ்ரேயாஸ் மெதுவாகச் சொன்னான். "படி. படி மாதிரி போகுது மேல. ஒவ்வொண்ணும் இருபத்திரெண்டு சென்டிமீட்டர். ஒரே அளவு. ஒந்து, எரடு, மூரு..." அவனோடு சேர்ந்து தாரணியும் விரல் மடக்கி எண்ணினாள். "பதினேழு. அதுக்கு மேல தெரியல."

பதினேழு இருபத்திரண்டுகள். கணக்கு அவள் தலைக்குள் தானாக ஓடியது. பச்சைக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே.

"பா! வாசலப் பாத்து நில்லு. உன் இடது கைப் பக்கம் தடியா ஒரு தூண். அதுக்குப் பின்னாடி கைய விடு. ஒன்றரை அடி, ரெண்டு அடி சந்து இருக்கும். உள்ள படி. பதினேழு படி. ஏறிடு."

"தூண்கிட்ட தரை பள்ளமாம்மா? தண்ணி மாருக்கு வந்துடும் போல இருக்கே."

தாரணி திரையைப் பார்த்தாள். தூணின் அடியில் தரை சமமாக இருந்தது. அந்த இடத்தில் அளவெடுத்தபோது தண்ணீர் தேங்கி ஓட்டை விழுந்து, அவளே சமமாக அடைத்த தரையா? இல்லை, உண்மையான தரையா? நினைவில்லை. நான்கு மாதம் அங்கேயே கிடந்தவளுக்கு நினைவில்லை.

"தெரியலப்பா," என்றாள். வாழ்க்கையில் அந்தக் கோட்டையைப் பற்றி அவள் சொன்ன முதல் உண்மை அதுதான். "சுவரைப் பிடிச்சுக்கிட்டே போ. காலால தடவித் தடவி வை."

"சரி. போறேன். சுவர் வழுக்குதும்மா... இந்தா தூண். பின்னாடி..."

சத்தம் அறுந்தது.

"பா? அப்பா?"

திரையில் அழைப்பு முடிந்தது என்று இருந்தது. மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வேற்று மொழியில் ஒரு பெண் சொன்னாள். அவ்வளவு கனமான கல்லுக்குள் சாதாரண சிக்னல் வராது. ஆடியோ கைடுக்காக வழிநெடுகப் பொருத்திய வைஃபை பெட்டிகளால்தான் அதுவரை பேச முடிந்தது. அந்தப் பெட்டிகளுக்குப் போகும் ஒயர் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் அழித்த ஒயர். இடுப்புயரம்.

ஒயர் நனைந்ததாகவும் இருக்கலாம். அப்பா விழுந்ததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

மணி நான்கு இருபத்தாறு.

மரகதம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "அந்தச் சங்கிலி," என்றாள். "நான் அடுப்பங்கரையிலேருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். தாண்டிப் போன்னு நீதான சொன்ன?"

"ஆமாம்மா."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. சர்ச்சில் யாரோ ஆர்கன் பழகினார்கள், ஒரே வரியை, மறுபடி மறுபடி.

நான்கு ஐம்பது. மாருக்கு ஏறியிருக்கும். அஷ்வின் படகு வந்துவிட்டதாகச் சொன்னான். கதவுக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்களாம், அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். ஐந்து ஐந்து. கழுத்து. தாரணி மனத்துக்குள் விரல் கனம் விரல் கனமாக எண்ணிக்கொண்டிருந்தாள். நிறுத்த முயன்றாள், முடியவில்லை. ஐந்து இருபது. ஐந்தடி ஆறங்குல மனிதர் ஒருவருக்கு மேல் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"அக்கா," அஷ்வின் உடைந்திருந்தான். "டைவர் வந்தாச்சு. ஆனா கேப்டன் யோசிக்கிறாரு. உள்ள அலை கதவுல அடிக்குதாம். உயிரோட ஆள் இருக்காருன்னு தெரிஞ்சா இப்ப எறங்குவாங்களாம். இல்லன்னா... தண்ணி எறங்குனப்புறம்னு சொல்றாங்க."

எறங்கினப்புறம் எதை எடுக்கப் போகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை.

தாரணி எழுந்து நின்றாள். கதவைத் தூக்கியது சங்கிலி. கீழே ஆள் படகைப் பார்த்துக் குரல் கொடுப்பான், சரி. ஆனால் அவ்வளவு கனமான இரும்பை ஒருத்தன் தூக்க முடியாது. மேலே நாலு பேர் உருளை சுற்றியிருக்க வேண்டும். கீழே நிற்பவன் குரல் மேலே கேட்க வேண்டும். எப்படிக் கேட்டிருக்கும்?

"ஷ்ரேயாஸ், அந்தப் படி முடியுற எடத்துக்கு நேர் மேல என்ன ரூம்?"

"காவல் ரூம். பத்து மீட்டர் மேல." கீபோர்டு. "தரையில மரப்பலகை ஒண்ணு இருக்கு. நீதானே ட்ராப் டோர், தரைக் கதவு மாதிரின்னு விட்டுவெச்ச. பலகைய விட்டுட்டுக் கீழ ஒரு கோடு போட்டா... கரெக்டா படிக்கு மேல எறங்குது."

"அஷ்வின்! காவல் ரூம். பெரிய கணப்பு இருக்குற ரூம். அதுக்கு எதிர்ச் சுவரோரமா தரையில பலகை. அதத் தெறக்கச் சொல்லு."

"அது சாக்கடை மூடின்னு இங்க இருக்குற அம்மா..."

"தெறக்கச் சொல்லுடா!"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் ஓடும் சத்தம். படிகள். பிரெஞ்சில் வாக்குவாதம். இரும்புக் கம்பி மரத்தில் நெம்பும் சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு ஏதோ பெயர்ந்து விழுந்தது. உடனே போனுக்குள் கடல் கேட்டது. ஆழத்திலிருந்து, மூச்சு விடுவதுபோல.

"அப்பா!" அஷ்வின் கத்தினான். "அப்பா!"

கடல் மட்டும்.

"அப்பாஆ!"

மரகதம் எழுந்து வந்து தாரணியின் தோளை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

டங். டங். டங்.

இரும்பில் இரும்பு, கதவின் பழைய சங்கிலியாக இருக்கும். ஒரே இடைவெளியில் மூன்று தட்டு. மறுபடி மூன்று. ஃபேக்டரியில் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளைக் கூப்பிடும் முறை அது. வீட்டில் பாத்ரூம் கதவைத் தட்டுவதும் அப்படித்தான். மரகதத்தின் வாயிலிருந்து வந்த சத்தத்தை அழுகை என்றும் சொல்ல முடியாது.

பிறகு குரல் வந்தது. கரகரத்து, பல் கிட்டி, துண்டு துண்டாக. அஷ்வின் திருப்பிச் சொன்னான், சிரித்துக்கொண்டும் விம்மிக்கொண்டும். "அக்கா, கால் மரத்துப் போச்சாம். முட்டி வீங்கியிருக்காம். உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்றாரு. பதினேழு இல்லையாம். பதினெட்டாம். மொதப் படி ஒடஞ்சு தண்ணிக்குள்ள கெடக்காம். அத நீ எண்ணலயாம். அதுல தடுக்கித்தான் செல்லு விழுந்துச்சாம்."

போர்வையும் சூடான தேநீரும் கயிற்றில் கட்டி அந்தத் துளை வழியாக இறக்குகிறார்கள் என்றான் அஷ்வின். டைவர்கள் கீழே கிளம்பிவிட்டார்கள். ஏழு பத்தைத் தாண்டித் தண்ணீர் இறங்கத் தொடங்கும்வரை அவருடன் அங்கேயே இருப்பார்களாம்.

"ஷ்ரேயாஸ்," என்றாள் தாரணி. "அந்த ரூமோட ஒரிஜினல் ஃபோட்டோஸ் அனுப்பு."

"மண்டே டெலிவரி? க்ளையன்ட் ஏனு ஹேள்தாரோ..."

"சொல்லட்டும்."

படங்கள் வந்து இறங்கின. அவள் உட்கார்ந்தாள். முதல் இரண்டு தடவை கோடு பிசகியது. மூன்றாவது தடவை, தேன் நிறச் சுவரின் அடியிலிருந்து கரும்பச்சை ஏறி வந்து, இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. தூணுக்குப் பின்னால் அடைத்த சுவரைப் பிய்த்தாள். கறுப்பாகச் சந்து திறந்தது.

மரகதம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கைச் சிந்தி, திரையை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி, நல்லா இருந்த சுவர அழுக்காக்குற?"

"அழுக்கு இல்லம்மா. தண்ணி இதுவரைக்கும் வரும்."

மரகதம் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"அவரு எங்க இருக்காரு?"

தாரணி அம்மாவின் விரலைப் பிடித்து, கோட்டுக்கு மேலே, ஒரு நகக்கண் அளவு நகர்த்தி வைத்தாள்.